பெட்ரோல் கார் புகை டெஸ்டில் ஃபெயில்: கேட்-கான் மாற்றணுமா, கழற்றணுமா, வேறென்ன பார்க்கணும்? (வேலூர்)

காட்பாடி_23

2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், 96,000 கிலோமீட்டர் ஓடியது. ஆர்சி புக்கில் பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) என்றுதான் இருக்கிறது. இன்று வந்த ரீடிங்:

ஸ்லோவில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்): கார்பன் மோனாக்சைடு 0.74 சதவீதம், ஹைட்ரோகார்பன் 310 பிபிஎம், கார்பன் டை ஆக்சைடு 13.9, ஆக்சிஜன் 0.3, லாம்டா 0.98.

2500 ஆர்பிஎம்மில்: மோனாக்சைடு 0.90, ஹைட்ரோகார்பன் 180, டை ஆக்சைடு 14.1, ஆக்சிஜன் 0.1, லாம்டா 0.97.

செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. பிக்கப் பரவாயில்லை. மைலேஜ் 17-லிருந்து 13-க்கு வந்துவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (கேட்-கான், சைலன்சர் லைனில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) போச்சு, புதுசு போடணும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டால் வண்டி பறக்கும் என்கிறார்கள். எதைச் செய்வது?

ஐந்துவாயு

இரண்டும் வேண்டாம், இப்போதைக்கு. ரீடிங்கை முழுசா போட்டதுக்கு நன்றி. பாதிப் பேர் "ஃபெயில்" என்ற ஒற்றை வார்த்தையோடு வருவார்கள்.

பிஎஸ் 4 பெட்ரோல் காருக்கு எல்லை இது: ஸ்லோவில் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம். 2500 ஆர்பிஎம்மில் (200 கூடலாம், குறையலாம்) மோனாக்சைடு 0.2, லாம்டா 0.97-லிருந்து 1.03 வரை. லாம்டா என்பது காற்று-பெட்ரோல் கலவையின் அளவு: 1 என்றால் சரி, குறைந்தால் பெட்ரோல் அதிகம், கூடினால் காற்று அதிகம். உங்களுடையதில் லாம்டா விளிம்பில் நிற்கிறது, மோனாக்சைடு நாலு மடங்குக்கு மேல்.

இப்போது ஆக்சிஜனைப் பாருங்கள். 0.1. அதுதான் விஷயமே. கேட்-கான் ஒரு அடுப்பு மாதிரி. மோனாக்சைடை எரித்து டை ஆக்சைடு ஆக்க அதற்கு ஆக்சிஜன் வேண்டும். வருகிற புகையிலேயே ஆக்சிஜன் இல்லை என்றால் நேற்று வாங்கிய கேட்-கான் போட்டாலும் இதே ரீடிங்தான் வரும். கேட்-கான் செத்திருந்தால் மோனாக்சைடும் ஆக்சிஜனும் சேர்ந்தே மிச்சம் இருக்கும், ஒன்றை ஒன்று சந்திக்காமல். உங்கள் வண்டியில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் மோனாக்சைடு மட்டும் மிச்சம். அதாவது எஞ்சின் ரிச்சா ஓடுகிறது, பெட்ரோல் அதிகம் போகிறது. மைலேஜ் விழுந்ததும் அதனால்தான்.

ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ஒன்று மாட்டி, நன்றாகச் சூடான வண்டியில் நாலு விஷயம் எழுதிப் போடுங்கள்: கூலன்ட் டெம்பரேச்சர், ஓபன் லூப்பா குளோஸ்டு லூப்பா (ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காமல் பெட்ரோல் விடுகிறதா, கேட்டு விடுகிறதா), ஷார்ட் டேர்ம் லாங் டேர்ம் ஃப்யூல் டிரிம், முன் பின் ஆக்சிஜன் சென்சார் வோல்ட்.

கொசப்பேட்டை ஸ்பானர்

பறக்கும்னு சொன்னா நம்பாதே சார். கேட்-கான் அடைச்சிகினு இருந்தாதான் எடுத்தப்புறம் வித்தியாசம் தெரியும். அடைச்சிருக்கான்னு பார்க்க சுலபமான வழி கீது: முன்னாடி ஆக்சிஜன் சென்சாரைக் கழட்டி அந்த ஓட்டையில பிரஷர் கேஜ் மாட்டு. ஸ்லோல 1.25 பிஎஸ்ஐக்குள்ள, 2500-ல 3 பிஎஸ்ஐக்குள்ள இருந்தா அடைப்பு இல்ல. ரப்பர் சுத்தியல்ல லேசா தட்டிப் பாரு, உள்ள கலகலன்னு சத்தம் வந்தா தேன்கூடு மாதிரி இருக்கிற உள்பாகம் உடைஞ்சிருக்கு.

உள்ள இருக்கிறதை உடைச்சி எடுத்த வண்டி எப்படித் தெரியும்னா, பின்னாடி நின்னா கண்ணு எரியும். பின் சென்சாரும் முன் சென்சார் மாதிரியே ஆடும். கம்ப்யூட்டருக்கு உறைச்சிடும், கேட்-கான் சரியா வேலை செய்யலன்னு பி0420 கோடு போடும். அதை மறைக்க சென்சாருக்கு நடுவுல ஒரு ஸ்பேசர் போட்டுத் தருவாங்க. அப்புறம் அடுத்த மெக்கானிக் தலையைப் பிச்சிக்கணும்.

பாலாறு வறண்டது

ஒரு காருக்கு இவ்வளவு பாடா? சென்னை - பெங்களூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று பள்ளிகொண்டா டோல்கேட்டில் கியர் போட்டு எழும்பும்போது விடுகிற புகை நூறு காருக்குச் சமம். டெஸ்ட் என்பதே ரசீது வாங்குகிற சடங்கு.

ஐந்துவாயு

லாரிப் புகை கண்ணுக்குத் தெரியும், அது கரி. இந்தக் கார் விடுவது கண்ணுக்குத் தெரியாது. மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நெடுஞ்சாலையில் விட்டால் காற்று அடித்துக்கொண்டு போகும். இடா ஸ்கடர் ரோட்டில், ஆஸ்பத்திரி வாசலில், பின்னால் ஷேர் ஆட்டோ முட்டிக்கொண்டு நிற்க, பதினைந்து நிமிஷம் ஸ்லோவில் நின்றால் அது போவதற்கு இடம் கிடையாது. சைலன்சர் வாய் இருக்கிற உயரத்தில்தான் தள்ளுவண்டிக் குழந்தையின் மூக்கும்.

ரசீது சடங்கு என்பதில் பாதி உண்மை உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தால் இல்லை. இந்த டெஸ்டில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே கிடையாது. பெட்ரோல் வண்டியில் துகளையும் அளப்பதில்லை. கேட்-கானை உடைத்துவிட்டு, கலவையை லீனாக (காற்று அதிகமாக) இழுத்து வைத்தால் மோனாக்சைடு குறையும், லாம்டா 1.02 காட்டும், அதிர்ஷ்டம் இருந்தால் பாஸ். நைட்ரஜன் ஆக்சைடு பல மடங்கு ஏறியிருக்கும், எந்த மெஷினும் கேட்காது. மூன்று வேலை செய்யும் பாகம் என்றுதான் அதற்கு த்ரீ-வே என்று பெயர். மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் இரண்டையும் எரிப்பது பிளாட்டினம், பல்லேடியம். நைட்ரஜன் ஆக்சைடை உடைப்பது ரோடியம். கலவை ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற குறுகிய ஜன்னலுக்குள் இருந்தால்தான் மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கும்.

காட்பாடி_23

ஸ்கேனர் போட்டாச்சு. காட்பாடியிலிருந்து பாகாயம் வரை போய் வந்தபிறகு:

கூலன்ட் 61 டிகிரி. பத்து நிமிஷம் ஸ்லோவில் நிறுத்தினால் 74 வரை போகிறது. ஓபன் லூப் என்றே காட்டுகிறது. இரண்டு டிரிம்மும் பூஜ்யம். முன் சென்சார் 0.8 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறது, பின் சென்சார் 0.75.

டிரிம் பூஜ்யம் என்றால் நல்லதுதானே?

கொசப்பேட்டை ஸ்பானர்

அறுபத்தொண்ணா! வேலூர் வெயில்ல! சார், எஞ்சின் சூடாகுற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாம நிறுத்துற தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிட்டாங்க. எழுதி வச்சிக்கோ.

ஐந்துவாயு

ஸ்பானர் அண்ணன் முந்திக்கொண்டார். நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான்.

டிரிம் பூஜ்யம் நல்லதில்லை. டிரிம் என்பது ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு கம்ப்யூட்டர் செய்கிற திருத்தம். குளோஸ்டு லூப்பில் அது கொஞ்சமாவது ஆடிக்கொண்டே இருக்கும், கூட்டியோ குறைத்தோ. சுத்தமாக 0 என்று நின்றால் கம்ப்யூட்டர் சென்சாரைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். எஞ்சின் இன்னும் குளிர்ந்து இருக்கிறது என்று நினைத்து, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குக் கொடுக்கிற கூடுதல் பெட்ரோலை நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எந்த டிகிரியில் லூப் மூடும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். இந்த வண்டியில் 61 போதவில்லை என்பது தெளிவு. முன் சென்சார் 0.8-ல் நிற்பதும் சரியான செய்திதான், "ரிச், ரிச்" என்று கத்துகிறது, கேட்க ஆளில்லை. சூடான வண்டியில் அது 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் பத்து செகண்டில் பல தடவை தாவ வேண்டும். பின் சென்சார் 0.6, 0.7-ல் ஏறக்குறைய சும்மா இருக்க வேண்டும்.

ஆனால் 61 என்று காட்டுவது நிஜமா, சென்சார் பொய்யா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவியைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், கூலன்ட் டெம்பரேச்சரையும் உள்ளே போகும் காற்றின் டெம்பரேச்சரையும் பாருங்கள். இரண்டும் மூணு நாலு டிகிரிக்குள் ஒத்துப்போனால் சென்சார் சரி. பிறகு, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். வால்வ் இருந்தால் ஹோஸ் ரொம்ப நேரம் ஜில்லென்று இருந்து, 80 தாண்டியதும் திடீரென்று சுடும். வால்வ் இல்லாவிட்டால் முதலிலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும்.

சத்துவாச்சாரி வாசி

வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்றுதானே எல்லா மெக்கானிக்கும் சொல்கிறார்கள்? கழற்றினால் எஞ்சின் கூலாக ஓடும், நல்லதுதானே?

கொசப்பேட்டை ஸ்பானர்

நாப்பது வருஷம் முன்னாடி கார்பரேட்டர் வண்டிக்கு சொன்ன வார்த்தை, இன்னும் ஊர்ல சுத்திகினு கீது. சித்திரை மாசம் வெளியே 42 டிகிரி. எஞ்சினுக்கு வேண்டியது 85, 90. வெளியே எவ்ளோ வெயில் அடிச்சாலும் அதுல பாதிகூட இல்ல. ஹைவேல 80 கிலோமீட்டர் வேகத்துல போனா காத்து அடிச்சி 60-க்கு இறக்கிடும்.

எதுக்குக் கழட்டுறாங்கன்னா, வண்டி ஓவர்ஹீட் ஆகும். நிஜக் காரணம் ரேடியேட்டர்ல உப்பு படிஞ்சிருக்கும், இல்ல ஃபேன் ரிலே போயிருக்கும். நம்ம ஊர் போர் தண்ணிய கேன் கேனா ரேடியேட்டர்ல ஊத்தினா டீ பாத்திரத்துல படியிற மாதிரி வெள்ளையா படியும். அதைப் பார்க்காம வால்வைப் புடுங்கிப் போட்டா அப்போதைக்கு ஊசி இறங்கிடும். கஸ்டமரும் சந்தோஷமா போயிடுவாரு. கூடவே ஃபேனை சாவியோட டைரக்டா குடுத்திருப்பாங்க, அதையும் பாரு. சாவி போட்ட உடனே ஃபேன் சுத்தினா அதான்.

மாட்டுற வேலை இப்படி: எஞ்சின் முழுசா ஆறணும். சூட்ல மூடியத் தொறந்தா முகம் வெந்துடும். கீழ் ஹோஸைக் கழட்டி பழசை வடிச்சிடு. ஹவுசிங்ல ரெண்டோ மூணோ பத்து நம்பர் போல்ட்டு. உள்ள வெத்து ஓட்டையா இருந்தா நம்ம சொன்னது சரி. புது வால்வ் வாங்குறப்போ மேல என்ன டிகிரி அடிச்சிருக்குன்னு பாரு, உன் வண்டிக்கு 82-ஆ 88-ஆன்னு கேட்டு வாங்கு. வாங்கினதை அப்படியே மாட்டிடாதே. ஒரு சொம்புல தண்ணி வச்சி, வால்வை நூல்ல கட்டி, அடி தொடாம தொங்கவிட்டு அடுப்புல வை. கூடவே தெர்மாமீட்டர் விடு. அடிச்சிருக்கிற டிகிரி கிட்ட வர்றப்போ மெல்லத் தொறக்கும், தண்ணி கொதிக்கிறதுக்குள்ள ஏழெட்டு மில்லிமீட்டர் விரியணும். தொறக்கலன்னா கடைக்காரர்கிட்ட குடுத்துடு. மாட்டுறப்போ அந்தக் குட்டி ஓட்டை, பின் ஆடுமே, அது மேல் பக்கம் வரணும், காத்து அது வழியாதான் வெளியே போகும். புது ரப்பர் ரிங் போடு. போல்ட்ட ஏறி மிதிச்சி முறுக்காதே, அலுமினியம்.

கூலன்ட் பாதிக்குப் பாதி, தண்ணி பேட்டரி தண்ணியா இருக்கட்டும். சின்ன வண்டிக்கு சுமாரா 4 லிட்டர். மூடியத் தொறந்து வச்சி, ஹீட்டரை முழு சூட்டுல வச்சி ஸ்டார்ட் பண்ணி குமிழி அடங்குற வரைக்கும் விடு. ஃபேன் தானா ரெண்டு தடவை ஓடி நிக்கட்டும். அப்புறம் மூடு.

காட்பாடி_23

திறந்து பார்த்ததில் வெற்று ஓட்டைதான். ஃபேனும் டைரக்ட். ரேடியேட்டரின் மேல் டேங்க்கில் சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கிறது. ரேடியேட்டர் சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறேன், வால்வ் 82 டிகிரி.

ஆம்பூர் டீசல்

இதற்கிடையில் டீசல் ஆட்களுக்கும் ரெண்டு வார்த்தை. டீசலில் வாயு அளப்பதில்லை, புகையின் அடர்த்திதான், அதாவது புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று. பிஎஸ் 4-க்கு முந்தைய வண்டிக்கு மீட்டருக்கு 2.45, பிஎஸ் 4-க்கு 1.62, பிஎஸ் 6-க்கு 0.7. ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக முழுசா அழுத்தி விடுவதைப் பல தடவை செய்து சராசரி எடுப்பார்கள். டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கெடு தாண்டிய வண்டியை இந்த டெஸ்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். முழு ஆர்பிஎம்மில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், புகைச் சர்டிபிகேட்டுக்குப் போய் எஞ்சினை இழப்பீர்கள்.

கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டர், டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவிலுள்ள ஹோஸ் (கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய்க் கசிவுக் கோடு தெரிந்தால் அங்கேதான் காற்று ஓடுகிறது), திறந்தே சிக்கிக்கொண்ட ஈஜிஆர் வால்வ் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது), ஒழுகுகிற இன்ஜெக்டர், இந்த வரிசையில் பாருங்கள். நீலப் புகை எஞ்சின் ஆயில். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, கூலன்ட் வாடையோடு வந்தால் ஹெட் கேஸ்கெட்.

ஈஜிஆரை பிளேட் போட்டு அடைப்பது வேலூர் பெல்ட்டில் ஃபேஷன். புகை மீட்டரில் நன்றாகப் பாஸ் ஆகும், உண்மை. நைட்ரஜன் ஆக்சைடு ஏறும், அதை யாரும் அளக்கவில்லை. மேலே ஐந்துவாயு சொன்ன அதே ஓட்டைதான்.

பிஎஸ் 6 டீசல் வாங்கிவிட்டு சத்துவாச்சாரியிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்ட் வரை மட்டுமே ஓட்டுபவர்கள் கவனிக்க: டிபிஎஃப் என்கிற கரி ஃபில்டரில் சேரும் கரியை எரிக்க 550, 600 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டைக் கொண்டுவர கம்ப்யூட்டர் கூடுதல் டீசல் விடும். நடுவில் வண்டியை அணைத்துவிட்டால் எரியாத டீசல் ஆயில் சம்ப்பில் இறங்கும். ஆயில் குறைய வேண்டிய வண்டியில் டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறிக்கொண்டே போனால் அதுதான் காரணம். விளக்கு எரிந்ததும் நெடுஞ்சாலையில் ஏறி பள்ளிகொண்டா பக்கம் ஒரே சீராக, 2000 ஆர்பிஎம்முக்கு மேல், இருபது இருபத்தைந்து நிமிஷம் ஓட்டுங்கள். ஆயிலும் சாம்பல் குறைந்த ரகம், சி3 என்று டப்பாவில் போட்டிருக்கும். சாதா ஆயிலின் சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும். ஆட்ப்ளூ (நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் திரவம்) ஊற்றும் வண்டியில் அது 32.5 சதவீத யூரியாக் கரைசல், மீதி உப்பு நீக்கிய தண்ணீர். குழாய்த் தண்ணீரில் யூரியா கரைத்து ஊற்றிய வண்டியின் நாஸிலைப் பார்த்தால் கல்கண்டு கட்டினாற்போல் இருக்கும்.

ஷேர் ஆட்டோ 7

கேஸ் ஆட்டோவுக்கு என்ன பண்றது? டெஸ்ட்ல ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறுது, மோனாக்சைடு கம்மிதான்.

கொசப்பேட்டை ஸ்பானர்

மோனாக்சைடு கம்மி, ஹைட்ரோகார்பன் ஜாஸ்தின்னா எரியாமலே வெளியே போகுதுன்னு அர்த்தம். பிளக் மாத்து, கேப்பை புக்குல இருக்கிற அளவுக்கு வை, பிளக் ஒயர் பாரு. அதுக்கும் அடங்கலன்னா வால்வ் கிளியரன்ஸ். கேஸ்ல ஓடுற வண்டிக்கு வால்வ் சீட் சீக்கிரம் தேயும், கிளியரன்ஸ் இறுகிடும், வால்வ் முழுசா மூடாது. கடைசியா கலவை ஸ்க்ரூ. எல்லாரும் முதல்ல அதைத்தான் திருகுறாங்க. ரொம்ப லீனா திருகினாலும் மிஸ்ஃபயர் ஆகி ஹைட்ரோகார்பன்தான் ஏறும்.

காட்பாடி_23

வேலை முடிந்தது. ரோட்டில் கூலன்ட் 84-லிருந்து 88. குளோஸ்டு லூப். முன் சென்சார் ஆடுகிறது, பின் சென்சார் 0.65 சும்மா நிற்கிறது. லாங் டேர்ம் டிரிம் கூட்டல் 5.

டெஸ்ட் ரீடிங்: ஸ்லோவில் மோனாக்சைடு 0.12, ஹைட்ரோகார்பன் 96. 2500-ல் மோனாக்சைடு 0.23, ஹைட்ரோகார்பன் 60, டை ஆக்சைடு 14.8, ஆக்சிஜன் 0.2, லாம்டா 1.00. மோனாக்சைடு 0.03 வித்தியாசத்தில் திரும்பவும் ஃபெயில். இப்போதாவது கேட்-கானா? டிரிம் 5 எதனால்?

பாலாறு வறண்டது

சைலன்சருக்குள் விடும் ப்ரோப்பைப் பாதி வெளியே இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், பாஸ் ஆகிவிடும். ஊரே அப்படித்தான்.

ஐந்துவாயு

ப்ரோப் 300 மில்லிமீட்டராவது உள்ளே போக வேண்டும். பாதி இழுத்தால் வெளிக்காற்று கலந்து டை ஆக்சைடு 14.8-லிருந்து 10-க்கு விழும், ஆக்சிஜன் ஆறு ஏழுக்கு ஏறும், லாம்டா 1.03-ஐத் தாண்டி அதிலேயே ஃபெயில் ஆகும். லாம்டாவைச் சேர்த்து வைத்ததே இதற்காகத்தான். சைலன்சரில் ஓட்டை இருந்தாலும் இதே கதை. அந்த ஓட்டை முன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் இன்னும் மோசம். காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் லீன் என்று நினைத்து, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிவிடும்.

காட்பாடி சார், பின் சென்சார் நிலையாக நிற்கிறது, லாம்டா 1.00. கேட்-கான் உயிரோடுதான் இருக்கிறது. இரண்டு கேள்வி. டெஸ்டுக்கு முன்னால் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றீர்கள்? எஞ்சின் ஆயில் மாற்றினீர்களா?

டிரிம் 5 பற்றிக் கவலை வேண்டாம். இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். இ10-க்கும் இ20-க்கும் நடுவில் மட்டும் ஏறக்குறைய 4 சதவீதம். பழைய வண்டியில் கூட்டல் 5, 7 என்று காட்டுவது இயல்பு. கழித்தல் 15 என்று வந்தால்தான் எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது, இன்ஜெக்டரோ, டேங்க்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வோ.

காட்பாடி_23

இருபத்தைந்து நிமிஷம் வரிசையில், ஏசியோடு, ஸ்லோவில். ஆயில் மாற்றவில்லை, மாற்றி 4,000 கிலோமீட்டர்தான் ஆகிறது.

ஐந்துவாயு

இரண்டுமே காரணம்.

கேட்-கான் வேலை தொடங்கவே 250, 300 டிகிரி வேண்டும். ஓட்டிக்கொண்டு வந்த சூடு ஸ்லோவில் நிற்க நிற்க இறங்கிவிடும், அதிலும் வண்டிக்கு அடியில் மாட்டியிருக்கிற வகையில். மெஷின் உங்கள் வண்டிக்குத் தயாராகும்போது 2500-ல் இரண்டு மூணு நிமிஷம் பிடித்துவிட்டு, உடனே ப்ரோப் போடச் சொல்லுங்கள். ஏசி, விளக்கு எல்லாம் அணைத்திருக்கட்டும். இது ஏமாற்று வேலை இல்லை. சூடான எஞ்சினில்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பதே முறை.

ஆயில்: இத்தனை மாதம் ரிச்சாக ஓடிய வண்டியில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். இப்போது எஞ்சின் சரியான சூட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்ரோல் ஆவியாகி, பிசிவி ஹோஸ் வழியாகத் திரும்ப எஞ்சினுக்குள் போகிறது. கம்ப்யூட்டர் அளந்து விடாத பெட்ரோல். சோதிக்க வேண்டுமானால் பிசிவி ஹோஸைக் கழற்றி இன்டேக் மேனிஃபோல்ட் பக்கத்து வாயை அடைத்துவிட்டு ரீடிங் எடுங்கள், மோனாக்சைடு சட்டென்று விழும். பார்த்தபிறகு மறக்காமல் திரும்ப மாட்டிவிடுங்கள்.

சத்துவாச்சாரி வாசி

வேறொரு கேள்வி. கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்கும்போது காருக்குள்ளேயே புகை வாடை வருகிறது. ஏசி ஃபில்டர் புதுசுதான். மார்கழியில் காலை வேளையில் ரொம்ப மோசம்.

ஐந்துவாயு

நெரிசலில் நிற்கும்போது ரீசர்குலேஷன் பட்டனைப் போடுங்கள், கூட்டம் கலைந்ததும் எடுத்துவிடுங்கள். நாலு பேர் உட்கார்ந்து அரைமணி நேரம் மூடியே வைத்தால் உள்ளே டை ஆக்சைடு ஏறி கண் சொருகும். வெள்ளை நிற சாதா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கறுப்பு நிற, கரி பூசியது வாங்கினால் வாடையும் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஓரளவு குறையும். 10,000 கிலோமீட்டருக்கு ஒன்று. மோனாக்சைடை எந்த ஃபில்டரும் நிறுத்தாது. அதனால் வாடை உங்கள் சொந்த வண்டியிலிருந்தே வருகிறதா என்று பாருங்கள், டிக்கி ரப்பர், மேனிஃபோல்ட் கேஸ்கெட்.

மார்கழி விஷயம் சரி. ராத்திரி தரை ஆறி, மேலே சூடான காற்று மூடிபோட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். நம் ஊருக்குச் சுற்றிலும் மலை, காற்றும் ஓட்டம் குறைவு. எட்டு மணி ஸ்கூல் நேரத்துப் புகை வெயில் ஏறும்வரை கீழேயே கிடக்கும்.

பாலாறு வறண்டது

வசந்தபுரத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையம் இருக்கிறது. அதில் பல நாள் "பரவாயில்லை" என்றுதானே காட்டுகிறது?

ஐந்துவாயு

அது ஊரின் பொதுவான காற்று. ரோட்டோரப் புகை நூறு நூற்றைம்பது மீட்டர் தள்ளிப் போனாலே நன்றாகக் குறைந்துவிடும். நம் நாட்டு எல்லை, 24 மணி நேரச் சராசரியாக, நுண்துகள் பிஎம் 2.5-க்கு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 80. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15-ம் 25-ம். "பரவாயில்லை" என்பது எந்த அளவுகோலில் என்று பாருங்கள். ரோட்டோரத்தில் நாள் முழுக்கப் பூ கட்டி விற்கிறவருக்கு அந்த நிலையத்தின் எண் பொருந்தாது.

கொசப்பேட்டை ஸ்பானர்

சிக்னல்ல கால் நிமிஷத்துக்கு மேல நிக்கணும்னா ஆஃப் பண்ணிடு. ஸ்டார்ட் பண்ணா பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும்ன்றதும் அந்தக் கார்பரேட்டர் காலத்துப் பேச்சுதான். ஏசியோட ஸ்லோல நின்னா சின்ன வண்டியே மணிக்கு ஒரு லிட்டர் கிட்ட குடிக்கும். ஆனா பேட்டரி வீக்கா இருந்தா வேணாம், நடுரோட்ல தள்ளணும்.

காட்பாடி_23

ஆயிலில் பெட்ரோல் வாடை இருந்தது, டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி இருந்தது. ஆயில், ஃபில்டர் மாற்றி 60 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போனேன். 2500-ல் மூன்று நிமிஷம் பிடித்தபிறகு: ஸ்லோவில் மோனாக்சைடு 0.03, ஹைட்ரோகார்பன் 28. 2500-ல் 0.04, லாம்டா 1.00. பாஸ்.

ஒரு சந்தேகம். சர்டிபிகேட்டில் ஒரு வருஷம் போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு வண்டியும் 2013, வேலூர் பதிவுதான், அதற்கு ஆறு மாதம்தான் போட்டார்கள். மோனாக்சைடு எல்லையும் 0.5 என்கிறார்கள். ஏன்?

ஐந்துவாயு

அது பிஎஸ் 3 ஆக இருக்கும். 2010-ல் பிஎஸ் 4 வந்தது சென்னை உள்ளிட்ட 13 பெரிய ஊர்களுக்கு மட்டும். வேலூர் அதில் இல்லை, இங்கே 2017 ஏப்ரல் வரை பிஎஸ் 3 வண்டி விற்கலாம். சில கம்பெனிகள் எல்லா ஊருக்கும் பிஎஸ் 4-ஏ அனுப்பின, உங்களுடையது அப்படி. பிஎஸ் 3-க்கு எல்லை 0.5 சதவீதம், 750 பிபிஎம், செல்லுபடி ஆறு மாதம். ஆர்சி புக்கைக் காட்டாமல் டெஸ்ட் எடுத்தால் சிலசமயம் தப்பான வகையில் போட்டுவிடுவார்கள். சர்டிபிகேட் இல்லாமல் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல் அபராதம் பத்தாயிரம் வரை போகும், அதனால் தேதியையும் வகையையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொசப்பேட்டை ஸ்பானர்

அந்த வண்டியிலயும் சாவி போட்ட உடனே ஃபேன் சுத்துதான்னு பாருங்க சார்.